ஒரு கட்டையும் ஆறரைக் கட்டையும்

பங்குனி பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிவகங்கையிலிருந்து வருகிற முதல் பஸ்ஸில் சாத்தனேந்தலுக்கு ஒரு குரல் வந்து இறங்கியது. ஆள் இல்லை, நிழல் இல்லை, மூட்டை முடிச்சு எதுவும் இல்லை, வெறும் குரல். கண்டக்டர் அதனிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார், நான் உட்கார இடமே எடுத்துக்கொள்ளவில்லையே என்று குரல் நியாயம் பேசியிருக்கிறது, அரை டிக்கெட்டாவது எடு என்று அவர் இறங்கி வந்திருக்கிறார், பின்சீட்டில் இருந்த கோழி வியாபாரி என் கூடைக்கோழிக்கே டிக்கெட் கிடையாது குரலுக்கு என்னய்யா டிக்கெட் என்று பரிந்துகொண்டு வர, அந்தச் சண்டை தீராமலே பஸ் ஊருக்குள் வந்துவிட்டது. இறங்கிய குரல் நேரே டீக்கடைக்குப் போய், வற்றின கிணற்றுக்குள் அண்டாவை உருட்டினது மாதிரியான கனத்தில், "இங்கன ஆறரைக்கட்டை பூமிநாதன் வீடு எது?" என்று கேட்டது.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்க ஒன்றும் இல்லை என்றதும் பெஞ்சைத் துடைத்துவிட்டார். "வெயில்ல வந்திருக்க, மொதல்ல ஒரு டீயக் குடி" என்று கண்ணாடி கிளாஸை வைத்தார். கிளாஸிலிருந்து எழும்பிய ஆவி ஒரு பக்கமாக வளைந்து, யாரோ உறிஞ்சினதுபோல மறைந்தது. டீ அப்படியே இருந்தது. குரல்கள் ஆவி குடிக்கும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் சோறு வடிக்கிற நேரத்தில் எல்லா வீட்டுப் பொம்பிளைகளும் மூடியைத் திறக்குமுன் வாசலைப் பார்த்து, "கொரலு, ஆவி பறக்குது, வந்துட்டுப் போ" என்று ஒரு சத்தம் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

பூமிநாதனைத் தெரியாதவர்கள் அந்தச் சீமையில் கிடையாது. ஆர்மோனியத்தில் சுருதிக்குக் கட்டைக் கணக்கு உண்டு. சாதாரண ஆம்பிளைக் குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். நாடகத்து ஆம்பிளைகள் கழுத்து நரம்பு புடைக்க நாலு கட்டைக்கு ஏற்றுவார்கள். நல்ல பொம்பிளைக் குரல் ஐந்து, ஐந்தரை. பூமிநாதன் ஆறரைக் கட்டையில் நின்று, அங்கிருந்தும் மேலே போய், கொட்டகை லாந்தர்களின் கண்ணாடி விர்ரென்று அதிர்கிற இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து ராகம் இழுப்பார். நாற்பது வயதைத் தாண்டியும் ராணி வேஷம் அவருக்குத்தான். அவர் போட்டிருக்கிற ரவிக்கைக் கையைப் பார்த்து ஊர் ஊராகத் தையற்காரர்கள் கை வெட்டினார்கள். பேச்சு வராத பிள்ளைகளைத் தூக்கிவந்து அவர் பாடும்போது மேடையோரம் படுக்கப் போட்டார்கள். ஜமீன்கள் குத்திய மெடல்கள் ஒரு தகரப் பெட்டியில் கனத்துக் கிடந்தன.

அந்தக் குரல் எப்படி வந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். சின்னதில் பூமிநாதன், பையன்களை மட்டும் வைத்து நாடகம் போடும் ஒரு கம்பெனியில் இருந்தார். மீசை அரும்புகிற வயதில் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும், குரல் தடிக்கும். அப்படித் தடித்துப்போன பையனுக்கு ஒரு வேட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது கம்பெனி வழக்கம். பூமிநாதனின் அப்பா பெரியகருப்பன் அதே கம்பெனிக்குச் சீன் திரைகள் ஏற்றிய வண்டியை ஓட்டியவர். அந்த வேட்டியும் பழமும் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்து, காளைகளுக்குக் காயடிக்கிறவரிடம் ஒருநாள் மகனைக் கூட்டிப்போனார். காளைக்குச் செய்வதைப் பையனுக்குச் செய்தார்கள். அதற்கப்புறம் அவனுக்கு எதுவும் உடையவில்லை, எதுவும் தடிக்கவில்லை. ஊர் இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டே, சாமி கொடுத்த குரல் என்று சொல்லியது. சொல்லிச் சொல்லி நம்பவும் செய்தது. பூமிநாதனும் அப்படித்தான் நம்பியிருந்தார், அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

குரல் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து, ராணி வேஷத்துக்கான சவுரி முடிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"பூமி" என்றது குரல்.

சீப்பு கையிலிருந்து விழுந்தது. செத்து வருஷங்கள் ஆன அப்பாவின் குரல்.

"அப்பாவா?"

"இல்லப்பா. அவரு மாதிரி இருக்கும். அவரு மகனோட கொரலு வேற எப்படி இருக்கும்?"

அப்புறம் அது, வெகுதூரம் நடந்து வந்தவர்கள் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, தன் கதையைச் சொல்லியது. உனக்கு வந்திருக்க வேண்டிய ஆம்பிளைக் குரல் நான்தான். வரவேண்டிய வயதில் வந்தேன், வாசல் பூட்டிக் கிடந்தது. கொஞ்ச நாள் வெளியிலேயே நின்று பார்த்தேன், அப்புறம் போய்விட்டேன். அரிசி மில்லில் இருந்தேன், கப்பலில் இருந்தேன், ரங்கூனில் ஒரு மணிக்கூண்டுக்குள் கிடந்தேன். உடம்பில்லாத குரல் தேய்ந்துகொண்டே போகும். இந்த ஊர்த் திருவிழாவுக்குள் எனக்கு ஒரு தொண்டை வேண்டும், இல்லையென்றால் காற்றோடு காற்றாகிவிடுவேன்.

"அப்ப எங்கிட்ட இருக்கிறது?"

"அது போயிரும். ஒரு தொண்டையில ரெண்டு பேரு எப்படி இருக்கிறது?"

அடுப்படியிலிருந்து அக்கா இருளாயி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். புருஷனை இழந்து தம்பியோடு வந்து இருப்பவள். "அக்கா" என்று குரல் கூப்பிட்டது. அவள் யோசிக்கவே இல்லை, "வா தம்பி, உள்ள வா" என்றாள். சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள், தான் யாரைக் கூப்பிட்டோம் என்று விளங்காமல் கரண்டியைப் பார்த்தாள், அழுகை முட்டிக்கொண்டு வர உள்ளே போய், கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தைக் கழுவிக் கவிழ்த்து, குரல் படுத்துக்கொள்ள நிமிர்த்தி வைத்தாள்.

ஊர் குரலைச் சும்மா விட்டுவைக்கவில்லை. கண்மாய்த் தண்ணீர் யாருக்கு எப்போது என்று மடையில் நின்று கூவச் சொன்னார்கள். அது கூவினால் மறுகரையில் மேய்கிற மாடுகூடத் தன் முறை என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்காரி ஒருத்தி, புடவை வியாபாரி வந்து அடாவடி பண்ணுகிற நேரத்தில் உள்ளேயிருந்து "யாரது?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி அதைக் கூட்டிப்போனாள், வியாபாரி சைக்கிளை விட்டுவிட்டு ஓடினான். சவரத் தொழிலாளி மட்டும், தனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

கோயில் கூட்டத்தில் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. சாத்தனேந்தலில் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் திருவிழாவில் பேர் சொல்லி விபூதி கொடுப்பார்கள். பூமிநாதனின் பேர் அன்றுவரை அப்படிக் கூப்பிடப்பட்டதில்லை. இந்தக் குரலை எதில் சேர்ப்பது?

"தலையே இல்லாததுக்கு எப்படிய்யா தலைக்கட்டு?" என்றார் ஒருத்தர்.

"ஆம்பிளைக் கொரல்தானே, விட்டுர முடியுமா?" என்றார் இன்னொருத்தர்.

ஊர்ப் பெரியவரான அம்பலம் ராசுக்காளை வெற்றிலையை மென்று முடிக்கும்வரை யோசித்தார். கடைசியில், நாடகக்காரர் ஒரு அரை, குரல் ஒரு அரை, ரெண்டும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பூமிநாதனுக்கு மட்டும், இத்தனை வருஷம் கழித்துப் பேர் சேர்ந்ததற்குச் சந்தோஷப்படுவதா, பாதியென்று எழுதப்பட்டதற்கு அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள் என்பதால் அவரும் சிரித்துவைத்தார்.

அவர் நாளுக்கு நாள் குழம்பினார். காலையில் குரலை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனிடம் நாலு வார்த்தை பேசலாம், அவன் திரும்பிப் பார்த்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கமாட்டான். மத்தியானம் சாதகம் பண்ண உட்கார்ந்து ஆறரையில் ஒரு இழுப்பு இழுத்ததும், இதை எப்படி விடுவது, இது போனால் என்னில் மிஞ்சுவது யார் என்று இருக்கும். சாயங்காலம் குடத்துக்குள்ளிருந்து குரல் அக்காவோடு பழைய கதை பேசுவது கேட்கும். அப்பாவின் குரலில் அக்கா சிரிப்பது கேட்கும். அப்பாவின் மேல் கோபமா, பாசமா, எது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அந்தத் தெரியாத ஒன்று குடத்துக்குள் உட்கார்ந்து மோரின் ஆவி கேட்கிறது, மோரில் ஆவி வராது என்று அக்கா அதற்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

"வாங்கிக்க தம்பி. உன்னோடதுதானே" என்றாள் இருளாயி.

"வேணாம்ண்ணே" என்றார் ஆர்மோனியம் தாவூது. அவர் பூமிநாதனுக்கு வாசிக்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல். "ஒரு கட்டையில பாடுறதுக்கு ஊருக்குப் பத்து பேரு இருக்கான். அந்தக் கொரல வெச்சு என்ன செய்வீங்க? மாடு ஓட்டுவீங்களா?"

"மாடு ஓட்டுனா என்ன தாவூது?"

தாவூது துருத்தியின் ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தார்.

ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது பூமிநாதன் குடத்தின் வாயில் வாய் வைத்தார். நாக்கு வரைக்கும் மட்டும் வா, அதற்குக் கீழே போகாதே என்றார். சரி என்றது குரல். வெயிலில் காய்ந்த பாறை உருண்டு வருவதுபோல ஒரு சூடு உள்ளே வந்து உட்கார்ந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், அவர் பின்கட்டைப் பார்த்து, "அக்கா, பசிக்குது" என்றார். முற்றமெல்லாம் அதிர்ந்தது. தட்டோடு வந்த இருளாயி, அவரைப் பார்த்ததும் தலை முக்காட்டை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள், அப்பா முன்னால் நிற்பதுபோல. அந்த ஒதுங்கல் பூமிநாதனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று பயந்துபோய் அதைக் குடத்திலேயே துப்பிவிட்டார். அன்று சாயங்காலம் ஆறரையில் நிற்கும்போது ஓர் இடத்தில் நூலளவு விரிசல் விழுந்தது. தாவூது வாசிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார், அவர் சவுரி முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழா வந்தது. போன வருஷம் ராத்திரி நாடகத்தில் பக்கத்து ஊர்க்காரர்களோடு அடிதடி ஆனதால், பகலிலேயே நாடகத்தை முடித்துக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் உத்தரவு. நாடகம் 'செண்பகவல்லி சபதம்'. கல்யாணமே வேண்டாம் என்று சபதம் செய்த ராணி செண்பகவல்லியாக பூமிநாதன். அவள் மனதை மாற்ற வருகிற முனிவராகக் காரைக்குடி நடிகர் ஒருத்தர். இந்த மாதிரி நாடகங்களில் ஒத்திகை கிடையாது. ஆளாளுக்கு ஒவ்வொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ராணியும் முனிவரும் செய்யும் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். கேள்வியும் பதிலும் அந்தந்த நேரத்தில் தோன்றியதுதான், எழுத்து கிடையாது. ஒருவர் கேள்வி போட்டதும் ஆர்மோனியக்காரர் சுரத்தில் ஏறி இறங்குவார்; அவர் இறங்கி முடிக்குமுன் மற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் தோற்றவர். சாத்தனேந்தலில் இதில் இன்னொரு கட்டு உண்டு: வெளியிலிருந்து வந்தவர் தோற்றால் அன்றைக்கே ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், அப்புறம் இந்த எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. பூமிநாதன் தோற்றதே இல்லை. இவரிடம் தோற்று ஊரை இழந்த நடிகர்கள் பலர்.

காரைக்குடி நடிகர் அதே நாளில் வேறு ஊருக்கும் ஒத்துக்கொண்டிருந்ததால் வரவில்லை. பந்தலில் ஜனம் நிரம்பிவிட்டது. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குடத்தின் முன்னால் வந்து நின்றார். "ஏப்பா கொரலு, முனிவரு வேசம் கட்டுறியா?"

"அம்பலாரே, வேசம் கட்ட அதுக்கு ஒடம்பு வேணுமே" என்றார் தாவூது.

"முனிவர்தானேய்யா, மறைஞ்சு நின்னு பேசுறாருன்னு வெச்சுக்க."

குரல் ஒத்துக்கொண்டது. பிறகு பூமிநாதனிடம் மெதுவாக, "தேய்ஞ்சுபோனேன் பூமி, இனிமே தாங்காது. மேடையிலேயே முடிச்சுக்குவோம். நீ தோத்தா நான் உள்ள வாரேன். நான் தோத்தா எல்லையைத் தாண்டிப் போயிர்றேன்" என்றது.

அவர் சரி என்றார். அரிதாரம் பூசும்போது தோற்றுவிடலாம் என்று இருந்தார், புடவைக் கொசுவத்தைச் செருகும்போது ஜெயிக்க வேண்டும் என்று பட்டது, திரை விலகி, உச்சி வெயில் முகத்தில் அறைந்து, ஜனம் மொத்தமும் "ஆறரை!" என்று ஆர்ப்பரித்தபோது இரண்டும் ஒன்றாக வந்து தொண்டையில் நின்றன.

மேடையின் ஒரு பக்கத்தில் பித்தளைக் குடம், இன்னொரு பக்கத்தில் ராணி. ராணி பாடினால் தாவூதின் விரல்கள் வலது கோடிக்கு ஓடின, முனிவர் பேசினால் இடது கோடிக்கு ஓடின; பாவம், அவர் கழுத்து ஓலை விசிறிபோல அங்கும் இங்கும் போய்வந்தது. நீரில்லாத குளம் எது என்று குரல் கேட்டது, கண்ணாடி என்றார் ராணி. பூட்டில்லாத பெட்டி எது என்று ராணி கேட்டார், முட்டை என்றது குரல். பொம்பிளையாகப் பிறந்தவள் கல்யாணத்துக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்றது குரல். அரிதாரம் கரைந்து நெஞ்சில் வழிய, நான் பிறந்ததை நீர் பார்த்தீரோ முனிவரே என்றார் ராணி. பந்தல் இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. இரண்டு குரலும் ஒன்றையொன்று துரத்தியும் வழிவிட்டும் போனதில், முன்வரிசைக் கிழவர்கள் ஒரே ஆள் இரண்டு வாயால் பேசுகிறான் என்று சத்தியம் செய்தார்கள்.

வெயில் சாயச் சாயக் குரல் தேய்ந்தது. பூமிநாதனுக்கு அது கேட்டது. அந்த நேரத்தில் அவர் மனம் ஒருவழியாக ஓரிடத்தில் வந்து உட்கார்ந்தது. தோற்றுவிடுவோம். அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்காமல் நின்றால் போதும், இது வந்துவிடும், ஆறரை போய்விடும், போகட்டும். ஆனால் வருவதற்கு முன்னால் அதனிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கேள்வி போடும் முறை அவருடையது. சுருதியை விட்டு, பாட்டை விட்டு, அக்காவிடம் பேசுவதுபோல மெல்லக் கேட்டார்.

"அன்னிக்கு என்னையப் புடிச்சுக்கிட்டாங்கள்ல, நான் கெடந்து துடிச்சேன்ல, அப்ப நீ எங்க இருந்த?"

பந்தல் சட்டென்று அடங்கியது. குடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. தாவூதின் விரல்கள் பழக்கத்தில் சுரத்தில் ஏறத் தொடங்கிவிட்டன. என்னால் முடிந்தமட்டும் மெதுவாகத்தான் வாசித்தேன் என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார். ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பிடித்து, துருத்தியில் காற்று தீரும்வரை இழுத்து, ஏறினார், இறங்கினார். கீழ்ச் சுரம் வந்துவிட்டது. குரல் பேசவில்லை. அம்பலம் எழுந்து துண்டைச் சுழற்றினார்.

பந்தலே எழுந்து நின்றது. இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை, முனிவரை மடக்க இதைவிட ஒரு மடக்கு உண்டா! கைதட்டல் பனங்காட்டு மழைபோல வந்தது.

"நிறுத்துங்க!" என்று பூமிநாதன் கத்தினார். "நான் தர்க்கத்துக்குக் கேக்கல! நெசமாக் கேட்டேன்!"

அந்தக் கத்தல் ஆறரைக்கும் மேலே போய் விரிசலே இல்லாமல் நின்றது. அதையும் ராணியின் வசனம் என்று எடுத்துக்கொண்ட ஜனம் இன்னும் பலமாகத் தட்டியது. அவர் இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினார். அந்தப் பாவனைக்காகப் பின்வரிசை விசிலடித்தது. அப்போதுதான் அவருடைய இடது காதோரம் சூடாக ஒரு ஆவி பட்டது. குரல் பதில் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. கைதட்டலில் அவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பிறகு காது குளிர்ந்துவிட்டது.

"என்ன சொல்லிச்சு தாவூது? உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கலண்ணே. சத்தமா இருந்துச்சு."

ஊர்க்கட்டுப்படி அன்று சாயங்காலமே குரலை எல்லைக்குக் கொண்டுபோனார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, மேளம் வைத்தார்கள், இருளாயி குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு அழாமல் நடந்தாள். எல்லைக்கல்லில் குடத்தைக் கவிழ்த்தபோது அதற்குள் ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்று சிலர் சொன்னார்கள், புழுதி கொஞ்சம் கிளம்பியது என்று சிலர் சொன்னார்கள்.

பூமிநாதன் இன்னும் பாடுகிறார். ஆறரை அப்படியேதான் இருக்கிறது. எந்த ஊரில் பாடினாலும் கைதட்டல் தொடங்கியதும் கையை உயர்த்தி, தலையை இடப்பக்கம் சாய்த்து, பேசாமல் நிற்பார். ஜனம் அதுவும் ஒரு பாவனை என்று நினைத்து இன்னும் தட்டும். சாத்தனேந்தல்காரர்களுக்கு மட்டும் அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியும். அதனால் அவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் குரல் சொன்னது தன் காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொல்லியதாக டீக்கடைக்காரர் சொன்னார். அப்பனைக் கேள், என்னைக் கேட்காதே என்று சொல்லியதாக அம்பலம் சொன்னார். அது பதிலே சொல்லவில்லை, உன் பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியது என்று ஒருத்தி சொன்னாள். பூமிநாதன் எல்லோருக்கும் காபி கொடுத்து, "இருக்கும்" என்று கேட்டுக்கொள்வார். எது நிஜம் என்று அவருக்கும் விளங்கவில்லை.

ஒருநாள் பால்காரர் கோட்டைச்சாமி வந்தார். மகள் பிரசவத்துக்காக மானாமதுரையில் இருந்ததால், அந்தத் திருவிழாவின்போது ஊரிலேயே இல்லாதவர். பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி, "நாடகக்காரரே, அன்னிக்கு அது என்ன சொல்லிச்சுன்னா," என்றார், "நானும் அப்பச் சின்னப் பையன்தானே, பயந்து ஓடிப்போயிட்டேன்னு சொல்லிச்சு."

அவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்று பூமிநாதனுக்கும் தெரியும். பாயை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, இடது காதை அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"இன்னொருக்கச் சொல்லுங்க."